குடியிருக்கும் வீடும் கடன் சட்டமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். இந்நாளில் கடனையும் ஏலத்தையும் பற்றிப் பேசுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் எதற்காகப் பாடுபட்டது? நம் பிள்ளைகள் படிக்க வேண்டும், படித்து வேலைக்குச் செல்ல வேண்டும், தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்பதற்காக. படித்து வேலைக்குச் சென்ற பிள்ளை முதலில் நாடியது என்ன? தாய் தந்தையரைக் குடியமர்த்த ஒரு சொந்த வீடு. அந்த வீட்டைக் கடன் வாங்கித்தான் கட்டினோம். ஆகவே கல்வியின் பயன் நிலைக்குமா என்னும் கேள்வி, அந்தக் கடன் எவ்வாறு முடியும் என்னும் கேள்வியோடு பிணைந்து கிடக்கிறது. அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

குரோம்பேட்டை என்னும் பெயரே ஒரு தோல் தொழிற்சாலையால் வந்தது. குரோம் முறையில் தோல் பதனிட்ட குரோம் லெதர் நிறுவனம் இவ்வூருக்குத் தன் பெயரை வழங்கியது. நம் பாட்டன்மாரில் பலர் பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத் தோல் கிடங்குகளில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று உழைத்தவர்கள். அவர்கள் உழைத்த மண்ணில் அவர்களுக்கென்று ஒரு சதுர அடி நிலமும் இல்லை. அருகிலுள்ள பரங்கிமலையில் 1883 ஆம் ஆண்டு பிறந்த பெருந்தலைவர் எம். சி. ராசா அவர்களும், இதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் தோன்றிய தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் கல்விக்காகவும் உரிமைக்காகவும் வாழ்நாள் முழுதும் போராடிய மண் இது.

இம்மாவட்டத்திற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1891 ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனை கூடத் தமக்குச் சொந்தமின்றி அவர்கள் வாழ்ந்ததை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1892 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன்வழி வந்ததே. பத்து ஆண்டுகளுக்கு அந்நிலத்தை விற்றல் கூடாது. அதன் பின்னும் நம் மக்களுக்கே விற்றல் வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது? கடனுக்காகவும், கைநாட்டுக்காகவும், மிரட்டலுக்காகவும் அவை கைமாறின. நிலத்தைக் கொடுத்த சட்டம், கடன் என்னும் வாசல் வழியாக அது வெளியேறுவதைத் தடுக்கவில்லை. இம்மாவட்டத்துக் காரணையில் அந்நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 ஆம் ஆண்டு நம் இளைஞர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதையும் நாம் மறந்துவிடவில்லை. உடைமையைப் பெறுவது பாதிப் பணி. கடனிலிருந்து அதைக் காப்பது மறு பாதிப் பணி என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

இனி நம் கண் முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். நம் மாலைப் பள்ளியில் பயிலும் ஒரு மாணவியின் அன்னையார் ஒரு நாள் கையில் உறையோடு வந்தார். பெயரும் தெருவும் இங்கு வேண்டா. கணவர் சரக்கு வண்டி ஓட்டியவர்; சிறிய மனையில் இரண்டு அறைகளைக் கடன் வாங்கிக் கட்டினார். சிறுநீரக நோயில் விழுந்தார். மருத்துவச் செலவு போக, மாதம் 14,000 ரூபாய்த் தவணை பத்து மாதம் நின்றது. கணவரும் மறைந்தார். நிறுவனத்தின் அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தது. “அண்ணே, இங்கிலீசுல இருந்துச்சு, ஏதோ கணக்கு அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சு அண்ணல் படத்துக்குப் பின்னால பத்திரமா வெச்சுட்டேன்” என்றார் அவ்வம்மையார். அண்ணலின் படத்துக்குப் பின்னால் அறுபது நாட்கள் கழிந்தன. பின்னர் வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒட்டிய நாற்பதாம் நாள்தான் அவர் எம்மிடம் வந்தார்.

வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாடினோம். சில வாரங்கள் தவணை கிடைத்தது. கட்டச் சொன்ன தொகையைத் திரட்ட இயலவில்லை. முடிவில் நிறுவனத்தின் எழுத்துமூல இசைவைப் பெற்று, ஏலத்திற்கு முன் தாமே வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். வீடு போயிற்று, கையில் கொஞ்சம் மிஞ்சிற்று. பிறகு வாடகை வீடு தேடினார். மூன்று வீடுகளில், “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்குப் பின் கதவு மூடிற்று. நான்காவது வீட்டில்தான் குடியேற முடிந்தது. சொந்த வீடு நமக்கு வெறும் சொத்தன்று என்பதை இதைவிட எவ்வாறு விளக்குவது?

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி வேறொன்று உண்டு. வீடு விற்ற மூன்றாம் மாதம் மூத்த மகனுக்கு வேலை கிடைத்தது. வழக்கமான தவணையை அவர்கள் செலுத்தியிருக்க முடியும். நின்றுபோன 1,40,000 ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 2,300 ரூபாய். அதையும் வட்டியோடு செலுத்தியிருக்க முடியும். ஆனால், “ஐந்து ஆண்டுகளில் நிலுவையைக் கட்டட்டும், அதுவரை ஏலம் நிற்கட்டும்” என்று ஆணையிடும் அதிகாரம் நம் சட்டத்தில் எந்த நடுவருக்கும் தெளிவாக வழங்கப்படவில்லை. இன்றைய உரையின் மையக் கருத்து இதுவே.

சட்டம் எவ்வாறு நடக்கிறது என்பதைக் காண்போம். 2002 ஆம் ஆண்டில் வந்த சர்ஃபேசி சட்டம், வீட்டை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்த வங்கி நீதிமன்றத்திற்குச் செல்லாமலே அவ்வீட்டைக் கைப்பற்றி விற்க வழி செய்தது. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக் கடன் ஆகிறது. பின்னர் 60 நாள் அறிவிப்பு வருகிறது. அது நின்ற தவணையை மட்டும் கேட்பதில்லை. முழுக் கடனையும் ஒரே மூச்சில் கேட்கிறது. பத்து மாதத் தவணையையே கட்ட இயலாதவர் பதினைந்து ஆண்டுத் தவணையை அறுபது நாளில் எங்ஙனம் கட்டுவார்?

தவணை நிற்பதற்குச் சோம்பலும் ஊதாரித்தனமும்தான் காரணம் என்று எண்ண வேண்டா. ஒரு கணக்கைப் பாருங்கள். 20 இலட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 7 விழுக்காட்டு வட்டியில் வாங்கினால் மாதத் தவணை 15,506 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டிற்கு உயர்த்தியது. அதே உயர்வு அக்கடன் மீது ஏறி வட்டி 9.5 விழுக்காடு ஆனால் தவணை 18,643 ரூபாய் ஆகும். தவணையை உயர்த்தாமல் பழைய 15,506 ரூபாயையே செலுத்தினால், தொடக்க மாதங்களில் வட்டி மட்டுமே 15,833 ரூபாய். கட்டிய பணம் வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும். நோயும் வேலையிழப்பும் இதன் மேல் வந்தால் நேர்மையான குடும்பமும் சாய்ந்துவிடும்.

அவ்வாறு சாய்ந்தவருக்கு உலக நாடுகள் வகுத்த வழியே நொடிப்புச் சட்டம். மக்கள் வழக்கில் அது திவால். நம் ஊரில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தார்’ என்றும், ‘ஐ.பி. போட்டார்’ என்றும் இழிவாகப் பேசுவர். ஊரை ஏமாற்றியவன் செய்யும் செயல் என்றே அது கருதப்படுகிறது. ஆனால் அச்சட்டத்தின் நோக்கம் ஏமாற்றுவதன்று. இருப்பதை எல்லாக் கடன்காரர்க்கும் முறையாகப் பங்கிட்டு, நேர்மையாளரை மீண்டும் எழச் செய்வதே.

நம் நாட்டில் அதற்கு இரு பழைய சட்டங்கள் உள்ளன. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909 ஆம் ஆண்டுச் சட்டம். ஏனைய இடங்களுக்கு 1920 ஆம் ஆண்டுச் சட்டம். பழைய நகர எல்லைக்கு வெளியே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த குரோம்பேட்டைக்கு இரண்டாவதே உரியது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம் என்னும் அக்காலத் தொகை அதில் இன்னும் நிற்கிறது. கடனிலிருந்து விடுதலை பெற, ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறும் சொத்து இருக்க வேண்டும். இல்லையேல் அந்நிலை தம் குற்றத்தால் வந்ததன்று என்று மெய்ப்பிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவரின் உரிமையை அச்சட்டம் தீண்டுவதே இல்லை. மனுச் செய்தவருக்குக் கந்துவட்டிக்காரரிடமிருந்து பாதுகாப்புக் கிடைக்கலாம்; வீட்டை ஈடாக வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து கிடைக்காது. தொழிலாளி குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்யலாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு கூறுவதும் அடமானக் கடனுக்குத் துணை வாராது.

2016 ஆம் ஆண்டில் புதிய நொடிப்புச் சட்டத் தொகுப்பு வந்தது. நிறுவனங்கள் நொடிந்தால், நடவடிக்கைகள் அனைத்தையும் நிறுத்தி வைத்து, கடனில் ஒரு பகுதியைத் தள்ளியும் தவணையை மாற்றியும் அவற்றைப் பிழைக்க வைக்க அது வழி வகுத்தது. அதன் மூன்றாம் பாகம் தனி மனிதர்களுக்கானது. மனுச் செய்த நாள் முதலே நடவடிக்கைகள் நிற்கும் என்னும் நல்ல ஏற்பாடு அதிலும் உண்டு. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அப்பாகம் நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட பிணை கொடுத்தவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. தவணை கட்டும் ஓட்டுநருக்கும் தையல்காரருக்கும் அது ஏட்டளவிலேயே நிற்கிறது.

நடைமுறைக்கு வந்தால் மட்டும் போதுமா? அதில் ஏழைகளுக்கென ‘புதிய தொடக்கம்’ என்றொரு முறை உள்ளது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், தள்ளத்தக்க கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படலாகாது. அத்துடன், விண்ணப்பிப்பவருக்குச் சொந்த வீடே இருத்தல் கூடாது. அவ்வீடு அடமானத்தில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர் ஏழையல்லர். ஓலைக் குடிசை ஒன்று சொந்தமாக இருந்தாலும் அவருக்குப் புதிய தொடக்கம் இல்லை என்பது இதன் பொருள். முழுத் திவால் முறையிலோ, வில்லங்கமற்ற ஒரே குடியிருப்பு வீட்டுக்கு, அரசு குறிக்கும் மதிப்பு வரையில், விலக்கு உண்டு. அடமானம் வைத்த வீட்டுக்கு அது இல்லை. கடன் வாங்காமல் வீடு கட்டும் வசதி படைத்தவரின் வீடு காக்கப்படுகிறது. கடன் வாங்கித்தான் கட்ட முடிந்தவரின் வீடு காக்கப்படவில்லை.

பிற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 13 ஆம் அத்தியாயப்படி, சம்பளக்காரர் ஒருவர் மனுச் செய்தவுடன் வீட்டு ஏலம் நிற்கிறது. நின்ற தவணைகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் செலுத்தி அவர் வீட்டைக் காத்துக்கொள்ளலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டின் கடனையே குறைக்க அங்கும் நீதிபதிக்கு அதிகாரமில்லை. 2008 நெருக்கடியில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது அவ்வதிகாரத்தை வழங்கும் மசோதா கீழவையில் நிறைவேறியது. மேலவையில் 2009 ஏப்ரல் 30 அன்று 45க்கு 51 என்ற வாக்கில் தோற்றது. அயர்லாந்து 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தால், கடன்பட்டவர் இயன்றவரை தம் வீட்டிலேயே வாழுமாறு தீர்வுத் திட்டம் அமைய வேண்டும் என்று விதித்தது. வங்கி மறுத்தாலும் திட்டத்தை ஆராய்ந்து ஏற்கும் அதிகாரத்தை 2015 இல் நீதிமன்றத்திற்கு அளித்தது.

அயல்நாடு வரை செல்ல வேண்டா. நம் சென்னை மாகாணத்தில் இராசாசி அமைச்சரவை 1938 ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. வாங்கிய முதலைப் போல இரு மடங்கு செலுத்தியிருந்தால் கடன் முற்றும் தீர்ந்ததாகும் என்றது அது. சட்டம் துணிந்தால் கடனை அளவுக்குள் நிறுத்தலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் விவசாயி என்பவர் யார்? விற்கத்தக்க நில உரிமை உடையவர். நிலமற்ற நம் முன்னோர் அவ்வரையறைக்கு வெளியே நின்றனர். அன்று நிலமில்லாததால் வெளியே நின்றோம். இன்று வீடு இருப்பதால் ‘புதிய தொடக்க’த்திற்கு வெளியே நிற்கிறோம். இது காலத்தின் கொடுமையன்று. சட்டம் இயற்றுமிடத்தில் நம் குரல் ஒலிக்காததன் விளைவு.

எனவே நாம் கோருவன இவை. முதலாவது, 2016 சட்டத்தின் மூன்றாம் பாகத்தைப் பொதுமக்களுக்கும் நடைமுறைப்படுத்த வேண்டும். அதன் தொகை வரம்புகளை இன்றைய விலைவாசிக்கேற்ப உயர்த்தி, வீடுடையோர் மீதான தடையை நீக்க வேண்டும். இரண்டாவது, குடியிருக்கும் ஒரே வீட்டின் நிலுவையை ஐந்து ஆண்டுகளில் செலுத்தும் திட்டத்திற்கு இடமளித்து, ஒழுங்காகச் செலுத்தும் வரை ஏலத்தை நிறுத்த வேண்டும். மூன்றாவது, நிறுவனம் மறுத்தாலும் வட்டியையும் தவணைக் காலத்தையும் மாற்றியமைக்கும் அதிகாரம் நடுவருக்கு வேண்டும். ஏலத்தில் கிடைக்கக்கூடிய தொகைக்குக் குறையாமல் நிறுவனத்திற்குக் கிடைக்க வேண்டும் என்பது அதற்கு எல்லையாகலாம். நான்காவது, ஒவ்வோர் அறிவிப்பும் தமிழிலும் வர வேண்டும். தீர்ப்பாயத்தை நாடி ஏழைகள் சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் அலையாமல், மாவட்ட நீதிமன்றத்திலேயே மனுச் செய்ய வழி வேண்டும். திவால் என்பது அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 9 ஆம் இனமாக உள்ளது. ஆகவே இக்கோரிக்கையை நடுவணரசிடம் மட்டுமன்றி மாநில அரசிடமும் வைக்கலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. “கடனை வசூலிக்க முடியாதென்றால் ஏழைக்கு எவர் கடன் கொடுப்பார்? வங்கியில் இருப்பதும் மக்கள் பணந்தானே?” என்பர். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. நம் வீட்டுக்கு முதன்முதலில் கடன் கொடுத்தது கந்துவட்டிக்காரர் அல்லர், வங்கியே. ஆகையால்தான் நாம் கடன் தள்ளுபடி கேட்கவில்லை, காலம் கேட்கிறோம். குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு மட்டும், மதிப்பு வரம்போடு, சொத்தை மறைத்தவர்க்கு இடமில்லாமல் கேட்கிறோம். ஏல வீடு பெரும்பாலும் சந்தை விலைக்குப் போவதில்லை. ஒழுங்காகக் கட்டப்படும் தவணை நிறுவனத்திற்கும் இழப்பன்று. கடனைத் திருப்பிச் செலுத்துவது நாணயம் என்றால், செலுத்தக் காலம் கொடுப்பதும் நாணயமே.

சட்டம் மாறும் வரை நாம் கைகட்டி இருத்தல் ஆகாது. மாணவத் தோழர்களே, இவற்றை மனத்திற் கொள்ளுங்கள். 60 நாள் அறிவிப்பு வந்தவுடன் எழுத்து மூலம் மறுமொழி கொடுங்கள்; 15 நாட்களுக்குள் நிறுவனம் பதில் தந்தாக வேண்டும். சுவாதீன நடவடிக்கை நிகழ்ந்தால் 45 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முதலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக நிலுவை இருப்பின் சர்ஃபேசி சட்டம் செல்லாது. வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரை மட்டுமே; 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 60 நாள் அறிவிப்புக்குப் பின் நிறுவனத்தின் எழுத்துமூல இசைவின்றி வீட்டை விற்கலாகாது. கடன் முழுதும் அடைந்தபின் 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் ஆணை. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டா. 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, பட்டியலின மக்களுக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி உரிமையாகும்.

மேலும் ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் எந்த வீட்டுக்கும் ஆங்கிலத்தில் ஓர் உறை வந்தால், அதை அன்றே படித்துப் பொருள் சொல்ல இச்சங்கத்தின் இளைஞர் இருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும். கல்விச் சங்கத்திற்கு இதைவிடத் தகுந்த பணி வேறில்லை. அண்ணல் அம்பேத்கர் பொருளாதாரமும் சட்டமும் பயின்றது, நம்மைக் கட்டிய ஏடுகளை நாமே படித்துணர வேண்டும் என்பதற்கு வழிகாட்டியாகவே. அவர் படத்துக்குப் பின்னால் உறையை வைத்த அவ்வம்மையார் அவரிடம்தான் அதை ஒப்படைத்தார். அதை எடுத்துப் படிக்க வேண்டியவர்கள் நாம். நாம் அறுபது நாட்கள் தாமதித்துவிட்டோம். இனியொரு வீட்டுக்கு அவ்வாறு தாமதித்தல் ஆகாது.

வளர்க நம் சங்கம்! வெல்க அண்ணலின் கொள்கை!